எந்த இடத்தில் அது நோயாகிறது?

கணவர் இறந்து சில மாதங்களே ஆன ஒரு பெண்மணி, அவர் வழக்கமாக வீடு திரும்பும் நேரத்தில் வாசலில் அவர் குரல் கேட்பதாகச் சொல்கிறார். இது மனநோயா? 1971-ல் வேல்ஸைச் சேர்ந்த டெவி ரீஸ் என்ற மருத்துவர், துணையை இழந்த 293 பேரைச் சந்தித்து இதைப் பற்றி விசாரித்து எழுதினார். கிட்டத்தட்டப் பாதிப் பேர் இறந்தவரைப் பார்த்ததாகவோ, குரலைக் கேட்டதாகவோ, பக்கத்தில் இருப்பதாக உணர்ந்ததாகவோ சொன்னார்கள். அவர்களில் பெரும்பாலோர் அதுவரை யாரிடமும் இதைப் பற்றி வாய் திறந்ததில்லை. பலருக்கு அது ஆறுதலாகவே இருந்திருக்கிறது.

இருபது வயது இளைஞன் ஒருவனுக்கும் குரல் கேட்கிறது. பக்கத்து அறையில் இரண்டு பேர் தன்னைப் பற்றியே பேசிக்கொள்கிறார்கள், தன் ஒவ்வோர் அசைவையும் வர்ணிக்கிறார்கள் என்கிறான். ஜன்னலைச் சாத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறான். கல்லூரிக்குப் போய் ஒரு மாதத்துக்கு மேலாகிறது. வீட்டில் கொடுப்பதைச் சாப்பிடவும் பயப்படுகிறான். இல்லாத குரல் கேட்கிறது என்பதுதான் இருவருக்கும் பொதுவான அறிகுறி. ஆனாலும் எந்த மனநல மருத்துவரும் இருவரையும் ஒரே தட்டில் வைக்கமாட்டார். அது வாழ்க்கையில் எதை நிறுத்திவிட்டது, எவ்வளவு நாளாக இருக்கிறது, அதிலிருந்து கொஞ்சம் விலகி நின்று பார்க்க அவரால் முடிகிறதா என்று கேட்ட பிறகுதான் நோய் என்ற முடிவுக்கு வருவார்.

உளவியல் பாடப்புத்தகங்கள் இயல்புபிறழ்வுக்கு நான்கு அளவுகோல்களைச் சொல்லும்: வழக்கத்திலிருந்து விலகல், வேதனை, அன்றாடச் செயல்பாடு கெடுதல், ஆபத்து. இவற்றில் எந்த ஒன்றையும் தனியே நம்பமுடியாது. முதலாவதுதான் வரலாற்றில் மிக அதிகமாகக் கெடுதல் செய்தது. 1851-ல் அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கார்ட்ரைட், எஜமானரிடமிருந்து தப்பி ஓடும் அடிமைகளுக்கு 'ட்ராபிடோமேனியா' என்ற மனநோய் இருப்பதாக எழுதினார். விடுதலை வேண்டும் என்று நினைப்பதே நோயாகிவிட்டது. சோவியத் ஒன்றியத்தில் அரசை எதிர்த்தவர்களுக்கு 'மெல்ல நகரும் மனச்சிதைவு' (ஸ்கிசோஃப்ரினியா) என்று சீட்டு எழுதி மருத்துவமனையில் அடைத்தார்கள். அந்த விவகாரம் முற்றி, வெளியேற்றப்படும் நிலை வந்தபோது, 1983-ல் சோவியத் மனநல மருத்துவர் சங்கம் உலக மனநல மருத்துவ அமைப்பிலிருந்து தானே விலகிக்கொண்டது. தன்பால் ஈர்ப்பை அமெரிக்க மனநல மருத்துவச் சங்கம் நோய்ப் பட்டியலிலிருந்து எடுத்தது 1973-ல். உலக சுகாதார நிறுவனம் எடுத்தது 1990-ல். பெரும்பான்மையைப் போல இல்லை என்பதை மட்டும் வைத்து ஒருவரை நோயாளி ஆக்கினால் என்ன நடக்கும் என்பதற்கு இவையே போதும்.

வேதனையை அளவுகோலாக வைத்தாலும் இடிக்கும். பிள்ளையைப் பறிகொடுத்தவருக்கு இருப்பதைவிடப் பெரிய வேதனை இல்லை, ஆனால் அது நோய் இல்லை. மறுபக்கம், மேனியா எனப்படும் மிகையெழுச்சி நிலையில் இருப்பவருக்கு வேதனையே கிடையாது. மூன்று மணி நேரம் தூங்கிவிட்டுப் புத்துணர்ச்சியோடு எழுகிறார், உலகத்தையே விலைக்கு வாங்கும் திட்டம் கையில் இருக்கிறது. வேதனையெல்லாம் வீட்டில் இருப்பவர்களுக்குத்தான். ஆபத்து என்ற நான்காவது அளவுகோலைத்தான் செய்திகளும் சினிமாவும் ஊதிப் பெரிதாக்குகின்றன. மனநோய் உள்ளவர்களில் மிகப் பெரும்பாலோர் யாரையும் தாக்குவதில்லை. அவர்கள் பிறரால் தாக்கப்படுவதுதான் அதிகம்.

1992-ல் ஜெரோம் வேக்ஃபீல்ட் என்ற அறிஞர் இதற்கு ஒரு வழி சொன்னார். மனத்தின் ஏதோ ஓர் இயக்கம் தன் இயற்கையான வேலையைச் செய்யத் தவறியிருக்க வேண்டும். அந்தத் தவறு மனிதருக்குத் தீங்காகவும் இருக்க வேண்டும். இரண்டும் சேர்ந்தால்தான் கோளாறு. எனக்கு இந்த விளக்கம் பிடிக்கும், ஏனென்றால் அறிவியல் சொல்லவேண்டியது எது, சமூகம் சொல்லவேண்டியது எது என்பதை இது பிரித்துக் காட்டுகிறது. ஆனால் மனத்தின் 'இயற்கையான வேலை' இன்னதென்று யார் வரையறுப்பது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

நடைமுறையில் பார்த்தால் பெரும்பாலான மனக் கோளாறுகள் ரத்த அழுத்தத்தைப் போன்றவை. எல்லோருக்கும் அழுத்தம் உண்டு. ஓர் அளவுக்கு மேல் போனால் கெடுதல் கூடுகிறது. கோட்டை எங்கே போடுவது என்பதை மனிதர்கள் கூடித்தான் முடிவு செய்கிறார்கள். 140-ல் இருந்த கோட்டை 2017-ல் அமெரிக்க இதய மருத்துவர்கள் 130-க்கு இறக்கியபோது, ஒரே நாளில் சுமார் மூன்று கோடி அமெரிக்கர்கள் புதிதாக நோயாளிகளானார்கள். அதனால் ரத்த அழுத்தம் என்பதே கட்டுக்கதை என்று யாரும் சொல்வதில்லை. மனநோய் விஷயத்தில் மட்டும் உடனே அப்படிச் சொல்லக் கிளம்பிவிடுகிறார்கள்.

இந்தக் கோடுகளைப் போடும் புத்தகங்கள் இரண்டு. ஒன்று அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் டிஎஸ்எம், முதலில் 1952-ல் வந்தது, இப்போது ஐந்தாம் பதிப்பில் இருக்கிறது. இன்னொன்று உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி. அதன் பதினோராம் பதிப்பு 2022-ல் நடைமுறைக்கு வந்தது. ஆரம்பக் காலத்தில் நோயின் பெயர் மருத்துவரைப் பொறுத்தே இருந்தது. நியூயார்க் மருத்துவர்களையும் லண்டன் மருத்துவர்களையும் ஒப்பிட்ட ஆய்வு ஒன்று 1972-ல் வெளிவந்தது. லண்டனில் மனச்சோர்வு என்றோ மேனியா என்றோ எழுதியிருக்கக்கூடிய நோயாளிகளுக்கு நியூயார்க்கில் மனச்சிதைவு என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். விமானம் ஏறினால் நோய் மாறிவிடும்! மறு ஆண்டே டேவிட் ரோசன்ஹான் என்ற உளவியலாளர், நல்ல மனநிலையில் உள்ள 8 பேர் 'குரல் கேட்கிறது' என்று பொய் சொல்லி மனநல மருத்துவமனைகளில் சேர்ந்ததாக ஒரு கட்டுரை வெளியிட்டார். இன்றும் அது வாய்க்கு வாய் மேற்கோள் காட்டப்படுகிறது. ஆனால் அதில் தரவுகள் திரிக்கப்பட்டிருக்கலாம் என்ற வலுவான சந்தேகம் பின்னால் எழுந்ததைச் சொல்பவர்கள் குறைவு. எப்படியோ, இந்த அவமானங்களின் விளைவாக 1980-ல் வந்த டிஎஸ்எம் மூன்றாம் பதிப்பு, இத்தனை அறிகுறிகளில் இத்தனை, இத்தனை நாள் என்று கணக்காக எழுதத் தொடங்கியது. மருத்துவர்களுக்குள் ஒற்றுமை கூடியது. எல்லோரும் ஒரே பெயரைச் சொல்கிறார்கள் என்பதால் அந்தப் பெயர் சரியானது என்று ஆகிவிடாது என்ற குறை இன்னும் இருக்கிறது. மூளையில் இன்ன இடத்தில் இன்ன பழுது என்று காட்டும் ரத்தப் பரிசோதனையோ ஸ்கேனோ இந்த நோய்களில் பெரும்பாலானவற்றுக்கு இன்றுவரை கிடையாது.

மனநோய் என்றதும் பலருடைய கண்ணில் தெரிவது தெருவில் தனக்குத்தானே பேசிக்கொண்டு போகும் உருவம். எண்கள் வேறு கதை சொல்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி 2019-ல் உலகில் 97 கோடிப் பேருக்கு, அதாவது 8 பேரில் ஒருவருக்கு, ஏதோ ஒரு மனக் கோளாறு இருந்தது. அதில் பதற்றக் கோளாறுகள் மட்டும் 30 கோடி, மனச்சோர்வு 28 கோடி. மனச்சிதைவு உள்ளவர்கள் சுமார் 2.4 கோடி. ஆக, பெரும்பாலான மனநோயாளிகள் குளித்து, உடுத்தி, வேலைக்குப் போய்க்கொண்டிருப்பவர்கள். பக்கத்து நாற்காலியில் இருப்பவருக்கே தெரியாது.

பதற்றத்தின் வேலை நம்மைக் காப்பாற்றுவது. ஆபத்தில் இதயம் வேகமாக அடிப்பதும் மூச்சு கூடுவதும் ஓடுவதற்கோ எதிர்ப்பதற்கோ உடல் தயாராவதன் அடையாளம். பீதித் தாக்குதலில் ஆபத்து எதுவும் இல்லாமலேயே அந்த அபாய மணி அடித்துவிடுகிறது. சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போகும். நெஞ்சு படபடக்கும், வியர்க்கும், மூச்சு முட்டும். மூச்சை வேகவேகமாக இழுத்து விடுவதால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து விரல் நுனிகள் மரத்துப்போகும், தலை சுற்றும். அந்த மரமரப்பையும் சுற்றலையும் பார்த்து, 'செத்துக்கொண்டிருக்கிறேன்' என்று மனம் முடிவு செய்யும். பயம் இன்னும் கூடும், மூச்சு இன்னும் வேகமாகும். நள்ளிரவில் அவசர சிகிச்சைப் பிரிவுக்குத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். ஈசிஜி எடுத்துவிட்டு, "ஒண்ணுமில்ல, நார்மலாத்தான் இருக்கு" என்று அனுப்பிவிடுவார்கள்.

அந்த 'ஒண்ணுமில்ல'தான் பலருக்கு நோயை நீட்டிக்கிறது. இதயத்தில் ஒன்றும் இல்லை என்பது உண்மை. ஆனால் நடந்தது இன்னது என்று யாரும் சொல்லாததால், அடுத்தது எப்போது வருமோ என்று காத்திருக்கத் தொடங்குகிறார். முதல் தடவை பேருந்தில் வந்திருந்தால் பேருந்தை விடுகிறார். பிறகு கூட்டம், பிறகு தனியாக வெளியே போவது. பையில் ஒரு தண்ணீர் பாட்டிலும் ஒரு மாத்திரையும் இல்லாமல் கிளம்பமாட்டார். தவிர்க்கும் ஒவ்வொரு தடவையும் நிம்மதி கிடைக்கிறது. போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்று கற்றுக்கொள்ளும் வாய்ப்பு ஒவ்வொரு தடவையும் போய்விடுகிறது. பதற்றக் கோளாறுகள் எல்லாவற்றிலும் ஏதோ ஒரு வடிவத்தில் இந்த வட்டம் இருக்கிறது. மேடை ஏறினால், நாலு பேர் முன்னால் பேசினால் கேவலப்பட்டுவிடுவேன் என்ற பயத்திலும் இதே கதைதான். ஆறு மாதத்துக்கு மேலாக எதையெடுத்தாலும் கவலைப்படும் பொதுப் பதற்றக் கோளாறில் அந்தக் கவலைப்படுவதே தவிர்ப்பு ஆகிவிடுகிறது.

ஓசிடி எனப்படும் எண்ணச் சுழற்சி நோயைப் பற்றி ஓர் ஆதங்கம் உண்டு. "மேசையில பேனா கோணலா இருந்தா எனக்குப் பிடிக்காது, எனக்கு ஓசிடி" என்று பெருமையாகச் சொல்லித் திரிகிறார்கள். உண்மையான ஓசிடியில் பெருமைப்பட ஒன்றும் இல்லை. கதவைப் பூட்டியாகிவிட்டது. இரண்டு தடவை இழுத்தும் பார்த்தாயிற்று. தெருமுனை போனதும் 'பூட்டினேனா?' திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறார். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு, பூட்டியதைத் தன் கண்ணால் பார்த்துக்கொண்டே, பூட்டியதாக நம்பமுடியாமல் நிற்கிறார். ஆய்வுகளில் தெரியவந்த விஷயம் இது: ஒரே பொருளைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தால் நினைவு பெரிதாகக் கெடுவதில்லை, நினைவின் மீதுள்ள நம்பிக்கைதான் கெடுகிறது. நிச்சயத்துக்காகச் செய்யும் செயலே நிச்சயத்தைத் தின்றுவிடுகிறது. இப்படி நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் போனாலோ, வாழ்க்கை முடங்கினாலோ அதை நோய் என்கிறார்கள்.

இதைவிடக் கொடுமையான வகை ஒன்றில், வெளியே ஒன்றும் தெரியாது. கைக்குழந்தையைத் தூக்கும்போதே 'கீழே போட்டுவிடுவேனோ' என்ற எண்ணம் ஒரு தாய்க்கு வருகிறது. பூசை நேரத்தில் ஆபாசமான காட்சி மனத்தில் தோன்றுகிறது. 'நான் எப்பேர்ப்பட்ட பாவி' என்று நினைத்து யாரிடமும் சொல்லாமல் ஆண்டுக்கணக்கில் குமைகிறார்கள். 1978-ல் ஸ்டான்லி ராக்மன், பத்மால் டி சில்வா ஆகிய இரு உளவியலாளர்களும், நோய் எதுவும் இல்லாதவர்களிடம் விசாரித்தபோது, அவர்களில் பெரும்பாலோருக்கும் இதே மாதிரி எண்ணங்கள் வருவதாகத் தெரிந்தது. மற்றவர்கள் 'சீ' என்று தள்ளிவிட்டுப் போகிறார்கள். ஓசிடி உள்ளவர் அந்த எண்ணத்தைத் தன் குணத்துக்குச் சாட்சியாக எடுத்துக்கொள்கிறார். பயப்படும் சூழ்நிலைக்குள் போய், பரிகாரச் செயலைச் செய்யாமல் இருந்து பழகும் சிகிச்சையை 1966-ல் விக்டர் மேயர் என்ற உளவியலாளர் தொடங்கிவைத்தார். சொல்வது சுலபம்; செய்கிறவருக்கு முதல் சில வாரங்கள் நரகம். ஆனால் பலிக்கிறது.

மனச்சோர்வைச் சோகம் என்று நினைப்பதில்தான் பாதிக் குழப்பம். அழாமலேயே மனச்சோர்வில் இருப்பவர்கள் உண்டு. முதலில் போவது ஆசை. பிடித்த பாட்டு வெறும் சத்தமாகிறது. போனில் பதில் போடாத செய்திகள் குவிகின்றன. குளிப்பது ஒரு பெரிய வேலையாகத் தெரிந்து, அதற்காகக் கட்டிலில் உட்கார்ந்து அரைமணி நேரம் திட்டமிடவேண்டியிருக்கிறது. பலருக்கு விடியற்காலை மூன்று, நான்கு மணிக்கே விழிப்பு வந்துவிடும். காலைதான் மிக மோசம், சாயங்காலம் கொஞ்சம் தேவலை. தலைவலி, வயிற்றுக்கோளாறு, உடல் அசதி என்றுதான் மருத்துவரிடம் போவார்கள். எப்போதோ செய்த சின்னத் தவறுக்கு இப்போது குற்றவுணர்ச்சி அறுக்கும். ஒன்பது அறிகுறிகளில் ஐந்தாவது, இரண்டு வாரமாவது, நாளில் பெரும்பகுதி நேரம் இருக்கவேண்டும். அவற்றில் ஒன்று தாழ்ந்த மனநிலையாகவோ ஆர்வமின்மையாகவோ இருக்கவேண்டும் என்பது டிஎஸ்எம் கணக்கு. "மனசைத் தைரியமா வச்சுக்கோ" என்ற அறிவுரை இங்கே எடுபடாததற்குக் காரணம் உண்டு. தைரியத்தை உண்டாக்கும் இடமே பழுதாகியிருக்கிறது.

துக்கத்தை எப்போது நோய் என்பது? முன்பு டிஎஸ்எம்மில், நெருங்கியவர் இறந்த முதல் இரண்டு மாதம்வரை மனச்சோர்வு என்று எழுதுவதில்லை என்ற விலக்கு இருந்தது. 2013-ல் அதை நீக்கினார்கள், பெரும் சண்டை. பிறகு 'நீடித்த துக்கக் கோளாறு' என்று தனியாகவே ஒன்றைச் சேர்த்தார்கள். அதற்கு டிஎஸ்எம் கேட்பது ஒரு வருடம், ஐசிடி கேட்பது ஆறு மாதம். இறந்தவர் ஒருவரே, துக்கப்படுகிறவரும் ஒருவரே. எட்டாவது மாதத்தில் ஒரு புத்தகப்படி நோயாளி, மற்றொன்றின்படி இல்லை.

மனச்சோர்வு என்று வருபவரிடம் 'முன்பு எப்போதாவது தூக்கமே தேவைப்படாமல், அளவுக்கு மீறிய உற்சாகத்தில் இருந்தீர்களா' என்று கேட்காமல் மருந்து எழுதுவது ஆபத்து. அது மனச்சோர்வும் மேனியாவும் மாறிமாறி வரும் இருதுருவக் கோளாறாக இருந்தால், மனச்சோர்வு மருந்தை மட்டும் கொடுப்பது சிலரை மேனியாவுக்குத் தள்ளிவிடும். இதற்கு இன்றும் முதன்மையான மருந்துகளில் ஒன்று லித்தியம் என்ற தனிமத்தின் எளிய உப்பு. 1949-ல் ஆஸ்திரேலிய மனநல மருத்துவர் ஜான் கேட் அதன் பயனைக் கண்டு சொன்னார்.

மனச்சிதைவை 'ஒருவருக்குள் இரண்டு ஆள்' என்று இன்னும் பலர் நம்புகிறார்கள். அது வேறு, இது வேறு. இங்கே குரல் கேட்கும். யாரோ பின்தொடர்வதாக அசைக்கமுடியாத நம்பிக்கை வரும். பேச்சு கோவையில்லாமல் போகும். இவற்றைக் குடும்பம் கவனித்துவிடும். கவனிக்காதது, பெரும்பாலும் இவற்றுக்கு முன்பே வந்துவிடும் மறுபக்கத்தை: முகத்தில் உணர்ச்சி வற்றுவது, பேச்சு குறைவது, எதிலும் முனைப்பில்லாமல் போவது. பையன் சோம்பேறியாகிவிட்டான், திமிர் பிடித்துவிட்டது என்று திட்டிக்கொண்டிருப்பார்கள். சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது என்பதால், இப்படி இழக்கும் மாதங்கள் விலை உயர்ந்தவை. 1952-ல் குளோர்புரோமசின் என்ற மருந்து வந்த பிறகுதான் இந்த நோயாளிகளால் பெருமளவில் மருத்துவமனைக்கு வெளியே வாழ முடிந்தது.

ஏன் வருகிறது என்பதற்கு ஒற்றைக் காரணம் சொல்பவரை நம்பவேண்டாம். ஒரே கருவில் பிரிந்த இரட்டையரில் ஒருவருக்கு மனச்சிதைவு இருந்தால் மற்றவருக்கு வரும் வாய்ப்பு, ஆய்வைப் பொறுத்து, மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிவரை இருக்கும். மற்றவர்களோடு ஒப்பிட்டால் இது பல மடங்கு அதிகம், அதனால் மரபணுவுக்குப் பங்கு உண்டு. நூறு சதவீதம் இல்லை, அதனால் மரபணு மட்டும் போதாது. குழந்தைப் பருவக் கொடுமைகள், போதைப்பொருள், தனிமை, வறுமை எல்லாம் சேர்கின்றன. 'செரட்டோனின் குறைந்தால் மனச்சோர்வு' என்ற எளிய கதையை ஆய்வாளர்களில் பெரும்பாலோர் இன்று ஏற்பதில்லை. மருந்து வேலை செய்வதற்கும் அந்தக் கதைக்கும் சம்பந்தம் இருந்தாகவேண்டும் என்பதும் இல்லை. பாராசிட்டமால் குறைந்து யாருக்கும் காய்ச்சல் வருவதில்லையே.

சில சமயம் காரணம் நேராக உடலிலேயே இருக்கும். ஒரு காலத்தில் மனநல விடுதிகளை நிரப்பியிருந்த ஒரு வகைப் பைத்தியத்துக்குக் காரணம் சிபிலிஸ் என்ற பால்வினை நோயின் கிருமி என்பதை, 1913-ல் நொகுச்சி, மூர் என்ற ஆய்வாளர்கள் நோயாளிகளின் மூளையிலேயே அதைக் காட்டி உறுதிசெய்தார்கள். பென்சிலின் வந்ததும் அந்த நோய் அரிதாகிவிட்டது. தைராய்டு குறைந்தால் மனச்சோர்வைப் போலவே இருக்கும், கூடினால் பதற்றத்தைப் போல. அதனால்தான் நல்ல மனநல மருத்துவர் முதல் சந்திப்பிலேயே ரத்தப் பரிசோதனைக்கு எழுதுகிறார். அதைப் பார்த்து 'நம்மை நம்பவில்லையோ' என்று நினைக்க வேண்டியதில்லை.

மருந்தைப் பற்றி இரண்டு விஷயம் சொல்லவேண்டும். மனச்சோர்வு மருந்தின் பலன் முழுதாகத் தெரியச் சில வாரங்கள் ஆகும். குமட்டல் போன்ற பக்கவிளைவுகளோ முதல் வாரத்திலேயே வந்துவிடும். பலனுக்கு முன்னால் தொல்லை வருவதால் பலர் பத்தாம் நாளே நிறுத்திவிடுகிறார்கள். மனச்சோர்வு மருந்து பழக்கமாகிவிடும் என்று பயப்படுபவர்கள் உண்டு. உண்மையில் அந்த அபாயம் உள்ளது, கேட்டதும் சிலர் எழுதித் தந்துவிடும் பதற்றத் தணிப்பு, தூக்க மாத்திரைகளில்தான். அல்பிரசோலம், டயஸிபாம் வகைகளை மருத்துவர் சொன்ன சில வாரங்களுக்கு மேல் தானாக வாங்கித் தொடரக்கூடாது. இலேசான மனச்சோர்வுக்கும் பெரும்பாலான பதற்றக் கோளாறுகளுக்கும் மாத்திரை இல்லாமல், முறையான உளவியல் சிகிச்சையே போதுமானதாக இருக்கலாம். அங்கே முதல் நாள் கேட்கப்படுவது பெரும்பாலும் குழந்தைப் பருவக் கதை இல்லை. எப்போது தூங்குகிறீர்கள், எதைச் செய்வதை நிறுத்திவிட்டீர்கள், வேலைக்குக் கடைசியாக எப்போது போனீர்கள் என்பவைதான்.

தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகவும் கேட்பார்கள். குடும்பத்தினரும் நண்பர்களும் இதைக் கேட்கத் தயங்குகிறார்கள், கேட்டால் அந்த நினைப்பை நாமே விதைத்துவிடுவோமோ என்று. கேட்பதால் ஆபத்து கூடுவதாக ஆய்வுகள் காட்டவில்லை. பலருக்கு, யாரோ ஒருவர் கேட்டுவிட்டாரே என்ற நிம்மதிதான் வருகிறது. "சாகணும்னு தோணுதா?" என்று சுற்றி வளைக்காமல் கேட்கலாம். ஆமாம் என்று பதில் வந்தால் வாதம் செய்யாமல், அவரைத் தனியே விடாமல், மாத்திரை, பூச்சிமருந்து போன்றவற்றை அவர் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்திவிட்டு, அன்றைக்கே மருத்துவரிடம் அழைத்துப் போகவேண்டும்.